பதினேழாம் நம்பர் வெல்டு

குமரா,

நீ அனுப்பின போட்டோ வந்து ஆறு நாளாகிறது. "பாத்தீங்களாப்பா, பாத்தீங்களாப்பா" என்று மூன்று தடவை கேட்டுவிட்டாய். "பாத்தேன்டா, நல்லா இருக்கு" என்று சொல்லிப் போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அப்பாவுக்குப் பேச்சு வராத சந்தோஷம் என்று நினைத்திருப்பாய். உன் அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். வடக்கே எங்கேயோ ஒரு மின் நிலையத்தில் இன்ஜினீயராக நீ வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதமே, பராமரிப்புக்காக பாய்லரை நிறுத்தி, சூடு வெளியேறாமல் குழாயின் மேல் சுற்றியிருந்த காப்பைக் கழற்றுகிறார்கள். உள்ளே, துவாக்குடியில் நான் வேலை பார்த்த பட்டறையின் எழுத்து, அதன் பக்கத்தில் அடித்த பதினேழு. "உங்க நம்பர்ப்பா! எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன், எங்கப்பா போட்ட வெல்டுன்னு" என்று நீ போனில் கத்தினபோது, ஸ்கூலில் முதல் பரிசு வாங்கிக்கொண்டு ஓடிவந்த பையனின் குரல் கேட்டது. ஸ்ரீரங்கத்தில் நம் தெருவில் பால்காரர் வரைக்கும் இந்தச் செய்தி போய்விட்டது. நான் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அந்த வெல்டு நான் போட்டது இல்லை, குமரா. நம்பர்தான் என்னுடையது. போட்டது ஜமால் மாமா. இதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீ நடுவில் "பரவால்லப்பா" என்று சொல்லிவிட்டால் மீதியைச் சொல்லாமல் தப்பித்துக்கொள்வேன். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன்.

ஜமால் மாமாவை உனக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அம்மா மண்டபம் படித்துறையில் உன் இடுப்பைப் பிடித்துக் காவிரியில் உனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவர். ரம்ஜான் மாதத்தில் பாலக்கரையிலிருந்து சைக்கிளில் பாலம் தாண்டி, தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி கொண்டுவருவார். நீ அந்த வாளியைக் கழுவவே விடமாட்டாய். வழித்து வழித்துத் தின்பாய். ஆனால் பட்டறையில் அவர் யார் என்பது உனக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டது நான்தான்.

எங்கள் பட்டறை, பாய்லருக்கு வேண்டிய குழாய்ப் பாகங்கள் செய்து கொடுத்த பட்டறை. அந்த வேலையில் வெல்டர் என்று சொன்னால் போதாது. சோதனையில் பாஸ் பண்ணி சர்டிஃபிகேட் வாங்க வேண்டும். பாஸ் பண்ணினவனுக்குச் சோதனை நடத்துகிறவர்களே ஒரு நம்பர் கொடுப்பார்கள்; எனக்குக் கிடைத்தது பதினேழு. வெல்டு போட்டு முடித்ததும் அந்த நம்பரைச் சுத்தியலால் இரும்பில் அடித்து வைக்க வேண்டும், நாளைக்கு விரிசல் விட்டால் யார் சட்டையைப் பிடிப்பது என்று தெரிவதற்காக. எங்கள் முதலாளி ஆறு பேரை மட்டும் சோதனைக்கு அனுப்பினார். வேலையோ முப்பது பேர் செய்கிற வேலை. ஆர்டர் குவிந்து கிடந்த காலம். அதனால் ஒவ்வொரு நம்பரின் கீழும் நாலைந்து பேர் வெல்டு போடுவார்கள்; நம்பர்க்காரன் கடைசியில் வந்து தன் நம்பரை அடித்துவிட்டுப் போவான். தப்புத்தான். ஆனால் அன்றைக்கு எங்களுக்கு அது தப்பாகத் தோன்றவே இல்லை. ஒரு வீட்டு ரேஷன் கார்டில் எல்லோரும் அரிசி வாங்குகிற மாதிரிதான் நினைத்தோம்.

ஜமால் என் நம்பரின் கீழ் போட்டவர். ஹெல்பராக, கான்ட்ராக்ட் ஆளாக வந்தவர். வெல்டிங் கம்பி மாட்டுகிற ஹோல்டரைப் பிடிக்க நான்தான் கற்றுக்கொடுத்தேன், அது உண்மை. ஒரு வருஷத்தில் என்னைத் தாண்டிப் போய்விட்டார், அதுவும் உண்மை. அவர் இடது கைக்காரர். வெல்டு ஆறும்போது மீன் செதில் மாதிரி வரிவரியாக உறையும் இல்லையா, வலது கைக்காரன் போட்டால் அந்த வரிகள் ஒரு பக்கம் வளையும், இடது கைக்காரன் போட்டால் எதிர்ப்பக்கம். நீ அனுப்பின போட்டோவில் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று நீயே பார். பட்டறையில் வேறு இடது கைக்காரன் கிடையாது. ஒரு வருஷம் முழுக்கப் பதினேழாம் நம்பர் வெல்டுகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் ஒரு குறைகூட வரவில்லை என்று ஆயுதபூஜை அன்றைக்கு எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்களே, நம் கூடத்தில் மாட்டியிருக்கிறதே, 'சிறந்த வெல்டர்' என்று எழுதி. அந்த வருஷம் கஷ்டமான ஜாயிண்ட் எல்லாம் அவர் போட்டவை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார், கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார். "நல்லா ஓடுதாண்ணே?" என்று கேட்டார். "ஓடுது பாய்" என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

பிறகு ஆர்டர் குறைந்தது. வெளிநாட்டிலிருந்து மொத்தமாகச் செய்து கப்பலில் கொண்டுவந்து இறக்குகிறார்கள் என்றார்கள். முதலாளி எங்களை உட்காரவைத்து, "அவன் செஞ்சு அனுப்புற விலைக்கு எனக்கு இங்க இரும்பே வாங்க முடியலப்பா, நான் என்ன பண்ணட்டும்?" என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. துவாக்குடியில் பட்டறை பட்டறையாக ஷட்டர் இறங்கியது. எங்களுடையதும் இறங்கியது. நீ பன்னிரண்டாவது முடித்து இன்ஜினீயரிங் சேர நின்ற நேரம்.

அப்போதுதான் அரசாங்கத்தில் ஒரு உதவி வந்தது. வெளிநாட்டுச் சரக்கு வந்து இறங்கியதால் வேலை போனவர்களுக்கு ஒரு வருஷம் மாதாமாதம் ஒரு தொகை, புதிதாக ஒரு தொழிலுக்குப் பயிற்சி, பிள்ளை படித்தால் காலேஜ் ஃபீஸ். சர்க்காரைக் குறை சொல்கிறவன் நான் இல்லை. அந்த ஒரு வருஷம் நம் வீட்டு அடுப்பு எரிந்தது அதனால்தான், நீ காலேஜில் சேர்ந்தது அதனால்தான். பயிற்சிதான் கொஞ்சம் வேடிக்கை. கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்கிறோம் என்று ஐம்பது தாண்டிய வெல்டர்களை ஏசி ரூமில் உட்காரவைத்தார்கள். நாங்கள் மவுஸைப் பிடித்த பிடியில் அது கையோடு வந்துவிடும் போல இருந்தது. "மெதுவா அங்கிள், மெதுவா" என்று சொல்லிக்கொடுக்க வந்த பெண் கெஞ்சுவாள். கடைசியில் நான் திருவானைக்கோவிலில் இரும்பு கேட்டும் கிரில்லும் அடிக்கிற கடைக்குத்தான் வேலைக்குப் போனேன்.

ஆனால் உதவி எல்லோருக்கும் கிடையாது. நிரந்தரமாக இருந்தவன், இல்லையென்றால் தொழில் தெரிந்தவன் என்று காட்ட வேண்டும். கான்ட்ராக்ட் ஹெல்பருக்கு இல்லை. ஜமால் பதினெட்டு வருஷம் வெல்டு போட்டவர். பதிவேட்டில் ஹெல்பர். அவர் வெல்டர் என்பதற்கு ஊரெல்லாம் இரும்பில் சாட்சி இருந்தது, ஒரு துண்டுப் பேப்பரில் இல்லை. அந்த இரும்பிலும் என் நம்பர்தான் இருந்தது.

விசாரணைக்கு ஒரு ஹாலில் கூப்பிட்டார்கள். அதற்கு முந்தின நாள் பட்டறை மேனேஜர் எனக்குப் போன் பண்ணினார். "யாராவது கேட்டா, பதினேழு உங்க நம்பர், உங்க கை, அவ்வளவுதான். வேற ஆளு போட்டாங்கன்னு வாயத் தொறந்தீங்கன்னா உங்க சர்டிஃபிகேட்டே செல்லாது. உங்களுக்கும் உதவி கெடையாது, பாத்துக்குங்க." அது உண்மையா, சும்மா மிரட்டினாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. உண்மை இல்லை என்று தெரிந்துவிட்டால் அப்புறம் நான் எதைச் சொல்லிக்கொண்டு தூங்குவது?

விசாரித்த அதிகாரி ஒரு அம்மா. நல்ல மனுஷி. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பழியை அவர்மேல் போட எனக்கு ஒரு காலத்தில் ஆசை இருந்தது. ஜமால் அவர் முன்னால் நின்று சட்டைக் கையை மடக்கி, முழங்கை வரைக்கும் இருந்த தீப்பொறி வடுக்களைக் காட்டினார். "இதத் தவிர எங்கிட்ட ஒண்ணும் இல்லீங்கம்மா." அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "ஐயா, பதிவேட்டுல இவர ஹெல்பர்னு போட்டிருக்காங்க. இவர் வெல்டர்ங்கறாரு. கூட வேலை பாத்த சர்டிஃபிகேட் உள்ள ஒருத்தர் எழுதிக் குடுத்தா போதும், நான் சேத்துக்கறேன். நீங்களே சொல்லுங்க. இவர் வெல்டரா?"

ஜமால் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கவலையே இல்லை, குமரா. வேலை முடிந்துவிட்டது என்கிற முகம். நான் சொன்னேன், "ஹெல்பருங்க. நல்ல ஹெல்பர்."

அந்த 'நல்ல'வை ஏன் சேர்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அதுதான் இன்னும் அறுக்கிறது. அந்த அம்மா ஏதோ எழுதினார். ஜமால் மடக்கிய சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டு, பட்டனைப் போட்டுக்கொண்டு, "சரிங்கம்மா, வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பயத்தினால் சொன்னேன், உன் ஃபீஸுக்காகச் சொன்னேன் என்றுதான் இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி அதுதான். மீதிப் பாதியை இன்றைக்கு எழுதிவிடுகிறேன். பதினேழு என் நம்பர் என்கிற கர்வம் எனக்கு இருந்தது. வேலையும் போய், வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவனுக்கு மிச்சம் இருந்தது அந்த நம்பரும் சுவரில் ஓடுகிற கடிகாரமும்தான். அதில் பாதி அவருடையது என்று நாலு பேர் முன்னால் சொல்ல நாக்கு எழவில்லை. உன் படிப்பை நான் சாக்காக வைத்துக்கொண்டேன். இதற்காக நீ என்னை மன்னிக்க வேண்டாம். அந்தப் படிப்பை நினைத்து நீ கூனிக் குறுகவும் வேண்டாம். நீ ஒரு தப்பும் பண்ணவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "அவர் வீட்டுக் கஞ்சியக் குடிச்ச வாயிதானே?" என்று கேட்டாள். ஜமால் சண்டைக்கு வருவார், திட்டுவார், கையை ஓங்குவார் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. ரம்ஜான் வந்தது. சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. கஞ்சி வந்தது, குமரா. அதே தூக்குவாளி. "தம்பிக்குப் புடிக்கும்னு ரெண்டு கரண்டி கூட ஊத்தச் சொன்னேன்" என்று வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனார். நீ வழித்து வழித்துத் தின்றாய். என்னால் ஒரு வாய் விழுங்க முடியவில்லை.

அடுத்த வருஷம் கஞ்சி வரவில்லை. ஏன் என்று நீ கேட்டாய், "பாய்க்கு வேலை அதிகம்" என்று பொய் சொன்னேன். காரணம் இதுதான். ஜமால் மாமாவுக்கு ஏன் உதவி கிடைக்கவில்லை என்று நீ ஒருநாள் கேட்டபோது, "அவரு வெறும் ஹெல்பர்தானேப்பா" என்று உனக்கும் சொல்லி வைத்திருந்தேன். அந்தக் கடைசிக் கஞ்சி வந்து சில மாதம் கழித்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் உன் காலேஜ் நண்பனோடு நீ நிற்கிறாய், நானும் பக்கத்தில் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு நிற்கிறேன். எதிரே ஜமால் வருகிறார். உனக்குச் சந்தோஷம். "டேய், இவர்தான் ஜமால் மாமா. எங்கப்பாகிட்ட ஹெல்பரா இருந்தவரு" என்று நண்பனிடம் சொன்னாய். பாசமாகத்தான் சொன்னாய். அவர் என்னைப் பார்த்தார். நான் பஸ் போர்டைப் பார்த்தேன். "ஆமா தம்பி, உங்கப்பாதான் எனக்கு எல்லாம் கத்துக்குடுத்தாரு" என்று உன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அங்கே அதிகாரி இல்லை, மேனேஜர் இல்லை, சர்டிஃபிகேட் இல்லை. ஒன்றுமே போயிருக்காது. அன்றும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். விசாரணையில் செய்ததைவிட இதற்குத்தான் எனக்கு அதிகம் வெட்கமாக இருக்கிறது.

உன் போட்டோ வந்த மறுநாள், நடந்ததை எல்லாம் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அன்றைக்கு உதவி கொடுத்த ஆபீசுக்குக் கொண்டுபோனேன். அந்த அதிகாரி மாற்றலாகி எங்கேயோ போய்விட்டார். உதவித் திட்டமே முடிந்து வருஷக்கணக்காகிவிட்டது என்றார்கள். "இத எந்த ஃபைல்ல சேக்கிறதுன்னே தெரியலையே பெரியவரே" என்று அங்கிருந்த பெண் சங்கடப்பட்டாள். நான் நகராமல் நிற்பதைப் பார்த்து, நகலை வாங்கிக்கொண்டதற்கு என் தாளில் ஒரு சீல் மட்டும் குத்திக் கொடுத்தாள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பாலக்கரைக்குப் போனேன். எத்தனை வருஷமாக அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

கதவைத் திறந்தது அவர் மனைவி ராபியா. "வாங்கண்ணே" என்ற ஒரு சொல்லோடு உள்ளே போய்விட்டாள். ஜமால் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒரு கல்யாண மண்டபத்தில் வண்டிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை பார்த்திருக்கிறார். சர்க்கரை வந்து கண் போனதும் அதையும் விட்டுவிட்டார். ஒரு கண் சுத்தமாகத் தெரியாது. இன்னொன்றில் வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம். என் குரலைக் கேட்டதும், "அண்ணனா?" என்றார். நான் தாளைப் படித்துக் காட்டினேன். பாதியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அறுபது வயதுக் கிழவன் இன்னொரு வீட்டில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுகிறேன். அவர் தண்ணீர்ச் சொம்பைத் தடவி எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

பிறகு உன் போட்டோவைப் பற்றிச் சொன்னேன். "எங்க, குடுங்க" என்று போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டார். தெரியவில்லை. "துரு ஏறியிருக்காண்ணே?" என்று கேட்டார். "இல்ல பாய், போட்ட மாதிரியே இருக்கு" என்றேன். வெல்டைத் தடவிப் பார்க்கிற பழக்கத்தில் விரலைப் போன் கண்ணாடியின் மேல் ஓட்டினார்; படம் நகர்ந்து அடுத்த படம் வந்துவிட்டது. நீ ஹெல்மெட் போட்டுக்கொண்டு பதினேழைச் சுட்டிக்காட்டி நிற்கிற படம். அது நகர்ந்தது அவருக்குத் தெரியாது. உன் முகத்தைத் தடவிக்கொண்டே, "அப்படியேதான் இருக்கு" என்றார்.

நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். எது கேட்டாலும் செய்கிறேன் என்றேன். போனை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "உங்கமேல கோவம் இல்லன்னு சொன்னா அது பொய்யிண்ணே. நெறைய இருந்துச்சு. அந்தக் காசு போச்சு, அது என் நசீபு, என் தலையெழுத்து. சர்க்கார் பேப்பர்ல ஹெல்பர்னு இருந்துட்டுப் போகட்டும், அத யாரு படிக்கப் போறா? ஆனா, தண்ணியில மெதக்கக் கத்துக்குடுத்த புள்ள... அது வாயில ஹெல்பர்னு வந்துச்சு பாருங்க. அத மட்டும் மாத்திக் குடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

இதுதான் இந்தக் கடிதம். வேறு ஒன்றும் அவர் கேட்கவில்லை.

உன் கீழும் இப்போது கான்ட்ராக்ட் ஆட்கள் வேலை செய்வார்கள். யார் செய்த வேலை என்று எழுதுகிற கட்டத்தில் நீதான் கையெழுத்துப் போடுவாய். சோதனை பாஸ் பண்ணாதவன் கையில் ஹோல்டரைக் கொடுக்காதே; கை நல்ல கை என்றால் அவனைச் சோதனைக்கு அனுப்பு. செய்தவன் பேரை எழுது. எழுத்துப் பிழையோடாவது எழுது. எந்த உதவி வந்தாலும், எந்த விசாரணை வந்தாலும் அந்த ஒரு வரிதான் அவனுக்குச் சோறு போடும். அப்பா சொல்கிறேன் என்று கேட்காதே, அந்த வரியை எழுதாமல் விட்டவன் சொல்கிறான் என்று கேள். கடிகாரத்தை நேற்றுச் சுவரிலிருந்து இறக்கிவிட்டேன். அந்த இடத்தில் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிகிறது. இந்த ரம்ஜானுக்கு உன் அம்மா தானே கஞ்சி காய்ச்சி பாலக்கரைக்கு எடுத்துப்போகிறேன் என்கிறாள். அவளுக்கு அந்தக் கஞ்சி காய்ச்ச வராது என்று சொன்னேன். "ராபியாகிட்ட கேட்டுக்கறேன்" என்றாள்.

இப்போது நீ செய்ய வேண்டியது. பாய்லரைத் திரும்ப ஓட்டுவதற்கு முன்னால், காப்பைத் திரும்பச் சுற்றுவதற்கு முன்னால், அந்த இடத்துக்கு மறுபடி போ. 'எங்கப்பா போட்டது' என்று யார் யாரைக் கூப்பிட்டுக் காட்டினாயோ, அவர்களையெல்லாம் மறுபடி கூப்பிடு. வரிகள் எந்தப் பக்கம் வளைந்திருக்கின்றன என்று காட்டு. இதைப் போட்டவர் பெயர் ஜமால் முகமது, திருச்சி பாலக்கரை, வெல்டர் என்று சொல். சொல்லி முடித்ததும் எனக்குப் போன் பண்ணாதே. அவருக்குப் பண்ணு. அவருக்குக் கண்தான் தெரியாது, காது நன்றாகக் கேட்கிறது.

அப்பா